எவர் கண்ணிலும் படாத துப்பாக்கி

கொண்டலூர்க்காரர்களைப் பற்றிச் சுற்றுப்பட்டு ஊர்களில் சொல்லும் கதைகளில் பாதி சுத்தப் பொய். மீதிப் பாதியை நாங்கள் மறுத்துப் பார்த்தோம். மறுக்க மறுக்க அது இன்னும் மோசமாகத்தான் போனது. ஆகவே நாங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். நாங்கள் சொன்னால் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம் அல்லவா?

ஜமீனுக்கு ஜமீன் ஒரு சட்டம் வைத்து ஆண்ட காலம் அது. எங்கள் ஊர்ச் சோலையாண்டிக்கு ஓர் அக்கா இருந்தாள். பெயர் சிலம்பாயி. கொண்டலூரில் பிறந்தும் புத்தியோடு இருந்த ஒரே ஆள் அவள்தான். அவளையும் பூலாங்காட்டில் கட்டிக்கொடுத்துவிட்டோம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆளாக ஒரு துண்டு நிலத்தில் சீனிக்கிழங்கு போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழங்கில் ஒரு காட்டுப்பன்றி வாய் வைத்துவிட்டது.

சந்தைக்கு வந்த ஆளிடம் அவள் சொல்லி அனுப்பினாள். "பாதிக் கெழங்குக் காடு போச்சு. மிச்சத்தையும் தோண்டித் தின்னுட்டா நெலத்தை விட்டுட்டுக் கூலிக்குத்தான் போகணும். எங்கப்பா துப்பாக்கி மச்சுல சும்மாதானே கெடக்கு, அதை எடுத்துக்கிட்டுத் தம்பியச் சீக்கிரம் வரச் சொல்லுங்க. முக்கியமா, தனியா வரச் சொல்லுங்க."

கேட்டதும் சோலையாண்டிக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்தா செத்த பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அக்காதான். பதிலுக்கு அவன் அவளுக்கு உருப்படியாக ஒன்றும் செய்ததில்லை. அவள் கல்யாணத்துக்கு வாசலில் வாழைமரம் கட்டச் சொன்னபோது எதிர்வீட்டு வாசலில் கட்டிவிட்டு வந்து, பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தவன். 'இந்த ஒரு தடவையாச்சும் மடத்தனம் பண்ணாம ஒரு வேலைய முடிக்கணும்' என்று வேப்பமரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தான். மரத்தில் கட்டெறும்பு இருந்ததை அவன் பார்க்கவில்லை.

கையை உதறிக்கொண்டே நேராக மச்சினன் ஒச்சப்பன் வீட்டுக்குப் போனான்.

"மச்சான், அக்கா என்னையத் தனியா வரச் சொல்லியிருக்கு. எனக்குத் தனியா எங்கயும் போய்ப் பழக்கமில்ல. நீங்க கூட வந்து எப்படிப் போறதுன்னு சொல்லிக் குடுங்க."

ஒச்சப்பன் எங்கள் ஊரில் சட்டம் தெரிந்தவன். ஒருமுறை கச்சேரியில் சாட்சி சொல்லியிருக்கிறான். அது அவனுக்குச் சம்பந்தமில்லாத வழக்கு. கூட்டமாக இருக்கிறதே என்று உள்ளே நுழைந்தவனை நிற்க வைத்துக் கேட்டுவிட்டார்கள். இருந்தாலும் பெயர் பெயர்தான். அவன் புறப்பட்டதும் பக்கத்து வீட்டு மாயழகும் புறப்பட்டான். மாயழகுக்குக் காரணம் எதுவும் வேண்டாம். கட்டுச்சோறு உண்டு என்றால் போதும்.

துப்பாக்கியை ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோக அரண்மனை உத்தரவு வேண்டும். ஜமீன் காரியக்காரர் ஓலை எழுதி, அரக்கு முத்திரை வைத்து, வந்திருப்பது யார் என்று தெரிந்ததால் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. துப்பாக்கியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா சனங்க மெரண்டு போகும். அதனால மறைச்சுத்தான் கொண்டுபோகணும். எவர் கண்ணுலயும் படக்கூடாது, பட்டா சவுக்கடி. துப்பாக்கி எங்க இருக்கோ அங்க இந்த ஓலையும் இருக்கணும். ஓலை இல்லாத துப்பாக்கியக் கையில வச்சிருந்தா வெலங்கு. ஓலைக்கோ முத்திரைக்கோ சேதம் வந்தா சவுக்கடி. அப்புறம், நம்ம எல்லை தாண்டிட்டா அந்தந்த ஊர்ச் சட்டம் என்னவோ அதுக்கும் கட்டுப்படணும்."

"நம்ம ஓலையும் அந்த ஊர்ச் சட்டமும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சா என்ன சாமி பண்றது?" என்று கேட்டான் சோலையாண்டி.

கொண்டலூரில் பிறந்த ஒருவன் கேட்ட நல்ல கேள்வி இது ஒன்றுதான். காரியக்காரர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார்.

"இடிக்காமப் பாத்துக்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று பேரும் சம்மணமிட்டு உட்கார்ந்து ஓலையை ஆராய்ந்தார்கள்.

"எவர் கண்ணுலயும் படக்கூடாதுன்னு போட்டுருக்கு" என்றான் ஒச்சப்பன். "எவர்னா எல்லாரும். எல்லார்ல நாமளும் உண்டா இல்லையா?"

"நாம இல்லாம எல்லாரும் எப்படி?" என்றான் மாயழகு.

"அப்ப நாமளும் பாக்கக்கூடாது."

"பாக்காம மச்சுலேருந்து எப்படி மச்சான் எடுக்குறது?"

"கண்ணைக் கட்டிக்கிட்டு எடு. சட்டம்னா சும்மாவா?"

சோலையாண்டி கண்ணைக் கட்டிக்கொண்டு மச்சில் ஏறினான். முதலில் உலக்கை வந்தது. பிறகு ஒடிந்த ஏர்க்கால் ஒன்று வந்தது. மூன்றாவதாக அவனே வந்தான். திரும்ப ஏறி, குழலுக்குள் விரலை விட்டுப் பார்த்து, விரல் மாட்டிக்கொண்டதால் இதுதான் துப்பாக்கி என்று உறுதி செய்துகொண்டான். அதை மூவரும் கண்ணை மூடியபடியே கோரைப்பாயில் வைத்துச் சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். ஊர் எல்லை வந்தபோதுதான் மாயழகு தன் இடது கை வெகுநேரமாக மரத்துப் போயிருப்பதைச் சொன்னான். பாய்க்குள் துப்பாக்கியோடு அதையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"மொதல்லயே சொல்லக்கூடாதாடா?"

"கையும் மறைவா இருக்கணும் போலன்னு நெனச்சேண்ணே."

ஓலையை எங்கே வைப்பது என்பது அடுத்த கவலை. ஓலையைப் பார்த்தால் துப்பாக்கி இருப்பது தெரிந்துவிடுமே! ஆகவே அதையும் மறைத்தாக வேண்டும். சோலையாண்டி பெண்டாட்டி கட்டிக்கொடுத்த புளிச்சோற்று மூட்டையைப் பிரித்து, சோற்றுக்கு நடுவில் ஓலையைப் புதைத்து, திரும்பக் கட்டினார்கள். இந்த யோசனை சோலையாண்டியுடையது. அவனுக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. பிற்பாடு எப்போதெல்லாம் இதை நினைத்தானோ அப்போதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டான்.

நீளமாக ஒரு பாய்ச்சுருள். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருவன், தோளில் சுமந்துகொண்டு பேசாமல் நடக்கிறார்கள். எதிரே வந்த ஒரு பெரியவர் தலைப்பாகையைக் கழற்றினார். ஒதுங்கி நின்றார். பிறகு மனசு கேட்காமல் ஓடி வந்து, "பாவம், நாலாவது தோளுக்கு ஆள் இல்லையா?" என்று தன் தோளைக் கொடுத்தார்.

"யாருப்பா?" என்றார் மெதுவாக.

"சொல்லக்கூடாதுங்க" என்றான் சோலையாண்டி.

"கனமே இல்லையே. ரொம்ப நாளாப் படுக்கையோ?"

"ஆமாங்க. எங்கப்பா போனதுலேருந்து மச்சுலதான் கெடந்துச்சு."

"மச்சுலயா போட்டு வச்சிருந்தீங்க? அடப் பாவிகளா!" என்று அவர் அழ ஆரம்பித்தார். அழுகைச் சத்தம் கேட்டு வயல்களில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எங்கிருந்தோ ஒரு பறை வந்தது. இத்தனை பேர் அழும்போது அழாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று நம்மவர்களும் அழுதார்கள். சுடுகாட்டுப் பாதை பிரியும் இடத்தில் கூட்டம் அந்தப் பக்கம் திரும்ப, இவர்கள் கரட்டுமேட்டுப் பாதையில் ஓட்டம் பிடித்தார்கள். பெரியவர் வெகுநேரம் சுடுகாட்டில் காத்திருந்ததாகச் சொல்கிறார்கள்.

கரட்டுமேடு வேறொரு ஜமீன். எல்லைச் சாவடியில் சங்கிலி என்ற காவல்காரர் பெரிய மீசையோடு உட்கார்ந்திருந்தார்.

"பாய்ல என்ன?"

"துப்பாக்கிங்க. மறைச்சுக் கொண்டுபோறதுக்கு ஓலை இருக்கு" என்று சோற்று மூட்டையைப் பிரித்தான் சோலையாண்டி. சங்கிலி ஓலையைத் துடைத்துப் படித்தார். ஒட்டியிருந்த சோற்றைச் சாப்பிட்டுப் பார்த்து இன்னொரு கை எடுத்துக்கொண்டார்.

"இது உங்க ஊர் ஓலை. எங்க ஊர்ச் சட்டம் நேர் எதிரு" என்றார். "இங்க ஒளிச்சு வச்சிருந்தா திருடன்னு அர்த்தம். துப்பாக்கி வச்சிருக்கவன் அதைத் தோள்ல போட்டு, ஊரே பாக்குற மாதிரி வெளிப்படையாத்தான் போகணும். மறைச்சா சவுக்கடி."

மூவர் முகமும் விழுந்துவிட்டது. அவர் அனுமதியோடு சாவடி ஓரமாக ஒதுங்கிக் கூடிப் பேசினார்கள்.

"மறைச்சா இந்த ஊர்ல அடி. காட்டுனா நம்ம ஊர்ல அடி" என்றான் மாயழகு. "பாதித் துப்பாக்கிய மறைச்சு, பாதியக் காட்டுனா?"

"ரெண்டு ஊர்லயும் பாதிப் பாதி அடி" என்றான் ஒச்சப்பன். "அடி பாதின்னாலும் முதுகு முழுசுடா."

சோலையாண்டிக்கு அக்காவின் கிழங்குக்காடு கண்ணுக்குள் நின்றது. இங்கே உட்கார்ந்து பேசும் ஒவ்வொரு நிமிஷமும் பன்றிக்கு ஒரு வாய். அவன் மண்டையைத் தட்டித் தட்டி யோசித்தான். உள்ளே ஏதோ அசைந்தது.

"மச்சான், துப்பாக்கிய மறைக்கக் கூடாது. ஆனா யாரும் பாக்கக் கூடாது. அப்ப மறைக்க வேண்டியது துப்பாக்கிய இல்ல, கண்ணை!"

ஒச்சப்பன் அவனைக் கட்டிக்கொண்டான். பத்து வக்கீல் சேர்ந்தாலும் இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்க முடியாது என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் பேச்சு.

பாயைப் பிரிக்கும் முன் சங்கிலியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள்.

"நான் எதுக்குடா மூடணும்?"

"எங்க ஊர்ச் சட்டத்துக்குங்க."

"மூடிட்டா நீங்க தோள்லதான் போட்டுருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தடவிப் பாத்துக்கங்க ஐயா. உங்க ஊர்ச் சட்டத்துக்கு."

சங்கிலிக்கு இவர்களோடு பேசுவதைவிடக் கண்ணை மூடுவது சுலபமாகத் தோன்றியது. மூடிக்கொண்டு குழலைத் தடவிப் பார்த்து, "போங்கடா" என்றார். மாயழகு முன்னால் போய், "துப்பாக்கி வருது! எல்லாரும் கண்ணை மூடிக்கங்க! தொறந்தவங்க பொறுப்பு அவங்கவங்களோடது!" என்று கத்தினான். என்ன வருகிறதோ ஏது வருகிறதோ என்று கரட்டுமேட்டு ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் ஒண்டினார்கள். நம்மவர்களும் பார்க்கக்கூடாதே, கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்தார்கள். ஒரு மாட்டுத்தொழுவத்துக்குள்ளும் ஒரு கல்யாணப் பந்தலுக்குள்ளும் போய்விட்டு வந்தார்கள். மற்றபடி எந்தச் சட்டத்துக்கும் குறைவு வரவில்லை.

பூலாங்காட்டு எல்லையில் இருந்தவன் இளவட்டக் காவல்காரன். ஓலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெளியூர் ஓலை எங்களுக்கு வெறும் பனையோலை. மறைச்சுக்க, காட்டிக்க, என்னமோ பண்ணு. ஆனா வெடிமருந்து கெட்டிச்ச துப்பாக்கி உள்ள வரக்கூடாது. காலி பண்ணிட்டுப் போ."

சோலையாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சுட்டான். டமார் என்றது. பக்கத்துப் புதர்க்காடே அதிர்ந்தது.

"காலியாயிருச்சா?" என்றான் மாயழகு.

"எப்படித் தெரியும்? உள்ள எட்டிப் பாக்கக் கூடாதே" என்றான் ஒச்சப்பன். "இன்னொரு தடவை சுட்டுப் பாரு. வெடிக்கலைன்னா காலின்னு அர்த்தம்."

சுடுவதென்றால் மருந்து போட வேண்டுமே. இடுப்பில் கட்டி வந்திருந்த கொம்புக் குடுவையிலிருந்து மருந்தைக் கொட்டி, கெட்டித்து, சுட்டான். டமார்.

"பாத்தியா, இன்னும் காலியாகலை!"

மறுபடி கெட்டித்தான். மறுபடி டமார். ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் மூவருக்கும் கவலை கூடியது. 'இவ்வளவு மருந்தையும் நம்ம அப்பன் எப்போ உள்ள போட்டு வச்சான்?' என்று சோலையாண்டி செத்துப்போன தகப்பனை மனதுக்குள் திட்டினான். கடைசியில் காவல்காரனே காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து குடுவையைப் பிடுங்கினான். குலுக்கிப் பார்த்தான். ஒரே ஒரு வெடிக்குத்தான் மருந்து மிச்சம் இருந்தது. அதைக் கெட்டிக்காமல் எடுத்துப் போகச் சொல்லித் துரத்திவிட்டான். துப்பாக்கியைத் திரும்பப் பாயில் சுருட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அந்தப் புதர்க்காட்டில்தான் அந்தப் பன்றி பகலெல்லாம் படுத்துத் தூங்கும். இருட்டிய பிறகு மட்டும் கிழங்குக்கு வரும். விடாமல் வெடித்த சத்தத்தில் மிரண்டு ஓடி, தனக்குத் தெரிந்த ஒரே நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இவர்கள் போனபோது சிலம்பாயி கையில் கம்போடு வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். கிழங்குக்காட்டின் மறுகோடியில் பன்றி பட்டப்பகலில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

"தனியாத்தானே வரச் சொன்னேன்?" என்றாள், தம்பியின் பின்னால் நின்ற இருவரையும் பார்த்து.

"தனியாத்தான்க்கா வந்துருக்கேன். இவங்க அதுக்குத் துணை."

கொண்டலூர்க்காரனோடு வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். தம்பி இளைத்துக் கறுத்து வந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. "அது அந்தப் பக்கமே நின்னு தின்னுக்கிட்டுருக்கும், எங்கயும் போகாது. நான் போய்க் கூழு கரைச்சுக்கிட்டு வர்றேன். ஒரு வாய் குடிச்சிட்டுக் கை நடுங்காமச் சுடு" என்று சொல்லி வீட்டுக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஒச்சப்பன் கேட்டான். "மாப்ள, பன்னிக்குக் கண் இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"அப்ப அது கண்ணுலயும் துப்பாக்கி படக்கூடாது."

"அது மனுசன் இல்லையேண்ணே" என்றான் மாயழகு. "ஓலையில 'எவர்'னு மரியாதையாப் போட்டுருக்கு. பன்னியவா அப்படிச் சொல்லுவாங்க?"

"நம்ம காரியக்காரர் எல்லாருக்கும் மரியாதை குடுக்குறவரு. நம்மகூட மரியாதையாத்தான பேசுனாரு?"

பன்றியைக் கண்ணை மூடச் சொன்னால் கேட்காது என்பது மட்டும் மூவருக்கும் தெரிந்தது. இதைக்கூடத் தெரிந்து வைத்திருந்தோமே என்பது எங்கள் ஊருக்கு ஒரு சின்ன ஆறுதல். ஆகவே குழி தோண்டி, துப்பாக்கியோடு உள்ளே இறங்கி மறைந்துகொண்டு சுடுவது என்று ஏற்பாடானது. எங்கே தோண்டுவது? பன்றி தோண்டிய பக்கம் மண் ஏற்கெனவே குழம்பிக் கிடந்தது. குழம்பாத பக்கம்தான் தோண்ட வாகாக இருந்தது. அக்காவின் மண்வெட்டியால் ஆள் ஆழத்துக்குத் தோண்டினார்கள். கிழங்கோடு கொடி கொடியாகப் பிடுங்கி வரப்பில் போட்டார்கள். வேலை அவ்வளவு சுத்தம்.

ஓலை முதலில் போக வேண்டும் என்பதால் சோற்று மூட்டையைக் குழிக்குள் வைத்தார்கள். அடுத்து யார் இறங்குவது என்று பேசிக்கொண்டிருந்தபோது சிலம்பாயி கூழ்ப்பானையோடு வந்தாள்.

அவள் குழியைப் பார்த்தாள். பிடுங்கிப் போட்ட கொடிகளைப் பார்த்தாள். பானையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். திட்டவில்லை. "பன்னி விட்டு வச்சதும் போச்சா" என்று மட்டும் சொன்னாள்.

அவள் திட்டியிருந்தால் சோலையாண்டி தாங்கியிருப்பான். திட்டாததுதான் அவன் நெஞ்சில் குத்தியது. வாழைமரம் எதிர்வீட்டு வாசலில் நின்றபோதுகூடச் சிரித்தவள் இவள். 'எனக்கு அறிவு இருக்குன்னு நம்பி என்னையக் கூப்புட்டியே, அப்ப உன்னையும் நம்ம ஊர் மடையங்க கணக்குலதான் சேக்கணும்க்கா' என்று நினைத்தான். கண் நிறைந்து வழிந்தது. இனி எந்தச் சட்டமும் வேண்டாம், வந்தது வரட்டும் என்று பாயைப் பிரித்துக் கடைசி மருந்தைக் குழலில் கொட்டிக் கெட்டித்தான். துப்பாக்கியைக் கண்ணைத் திறந்தே கையில் பிடித்தான்.

அந்த நேரம் காற்று திரும்பியது. புளிச்சோற்று வாசனை மறுகோடிக்குப் போனது. பன்றி மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கிழங்கை விட்டுவிட்டு ஓடி வந்தது. நேராக வந்து நேராகக் குழிக்குள் விழுந்தது. மேலே ஏற வழியில்லை. அதற்கு ஏறவும் விருப்பமில்லை. மூட்டையைக் கிழித்து ஒரு பருக்கை விடாமல் தின்றது.

சிலம்பாயி துள்ளி எழுந்தாள். "தம்பி! குழிக்குள்ள அசையாம நிக்குது! சுடுடா! கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டாக்கூடப் படும்!"

சோலையாண்டி குழியோரம் போய்க் குழலைப் பன்றியின் தலைக்கு நேரே பிடித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்யப் போகிறான்.

"மாப்ள, நிறுத்து!" என்று அலறினான் ஒச்சப்பன். "ஓலை எங்கே?"

மூவரும் குழிக்குள் பார்த்தார்கள். மூட்டை இல்லை. சோறு இல்லை. ஓலையும் இல்லை. பன்றி ஓர் ஏப்பம் விட்டது.

"ஓலை இல்லாத துப்பாக்கியக் கையில வச்சிருந்தா வெலங்கு" என்றான் மாயழகு. சோலையாண்டி நெருப்பைத் தொட்டவன் போலத் துப்பாக்கியைக் கீழே போட்டான்.

"இல்லாம இல்லை" என்றான் ஒச்சப்பன், குழியை உற்றுப் பார்த்தபடி. "உள்ள இருக்கு. பன்னி எங்க இருக்கோ அங்க ஓலை இருக்கு. துப்பாக்கி பன்னி பக்கத்துலயே இருக்குற வரைக்கும் நாம சட்டப்படிதான் இருக்கோம்."

"அப்ப சுடலாமா?"

"சுட்டா ஓலையில ஓட்டை விழும். முத்திரை ஒடையும். சவுக்கடி. மாப்ள, இனிமே இது பன்னி இல்ல. அரண்மனை உத்தரவு."

சிலம்பாயிக்குத் தலை சுற்றியது. கூழ்ப்பானையைத் தூக்கி மூவர் தலையிலும் போடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். தம்பியோ கை கட்டி அவள் முன்னால் நின்றான். "அக்கா, என்னைய மன்னிச்சுக்க. உனக்காகச் சவுக்கடி வாங்கக்கூட நான் தயாரு. ஆனா சுட்டதும் மச்சான் என்னையப் பிடிச்சுக் குடுத்துருவாரு. சட்டம் தெரிஞ்சவரு. ஓலைய ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோகணும்னா இந்தப் பன்னியையும்ல கொண்டுபோகணும்?"

சிலம்பாயி குழியில் நின்ற பன்றியைப் பார்த்தாள், மிச்சமிருந்த கிழங்குக்காட்டைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"தம்பி" என்றாள், பாகு போன்ற குரலில். "உன் மச்சான் சொல்றதுதான் நியாயம். அரண்மனைச் சொத்து இது. ஒரு கீறல் படாம உங்க ஊருக்குக் கொண்டுபோய்ச் சேத்துருங்க. இதை விட்டு ஒரு அடி பிரியாதீங்க. என்ன ஆனாலும் சரி, இந்தப் பக்கம் மட்டும் திருப்பிக் கொண்டு வந்துறாதீங்க. இங்க திருட்டுப் பயம் அதிகம்."

அவளே ஓடிப்போய் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டி வந்தாள். மூங்கில் கூண்டு வந்தது, கட்டை வண்டி வந்தது. தின்ற மயக்கத்தில் இருந்த பன்றியை வலை போட்டுத் தூக்கிக் கூண்டில் ஏற்றினார்கள். வழியில் அதற்குப் பசிக்குமே என்று பிடுங்கிப் போட்ட கொடிகளிலிருந்து நல்ல கிழங்காகப் பொறுக்கி ஒரு கூடை கொடுத்தாள். வண்டி கிளம்பியபோது சோலையாண்டி திரும்பிப் பார்த்தான். அக்கா வரப்பில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். தான் ஏதோ சரியாகச் செய்திருக்கிறோம் என்று அவனுக்கு விளங்கியது. என்ன என்றுதான் விளங்கவில்லை.

கரட்டுமேட்டுச் சாவடியில் சங்கிலி எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து நின்றார்.

"என்னடா இது?"

"ஓலைங்க" என்றான் சோலையாண்டி.

"நான் வண்டியில இருக்குறதைக் கேக்குறேன்."

"அதைத்தான் சொல்றோம். உள்ள இருக்கு. எவர் கண்ணுலயும் படாம."

நடந்ததைச் சொல்லி முடித்தபோது சங்கிலியின் மீசையே தொங்கிப் போயிருந்தது. "காட்டு மிருகத்தைக் கொண்டுபோக எங்க ஜமீன்ல தனி உத்தரவு வேணும்" என்று ஆரம்பித்தவர், இவர்கள் மூவரும் சாவடி ஓரமாக ஒதுங்கிக் கூடிப் பேசப் போவதைப் பார்த்துப் பதறிவிட்டார். "வேண்டாம், பேசாதீங்க! நானே எழுதித் தர்றேன்!" என்று எழுத்தாணியை எடுத்து, விறுவிறுவென்று ஓர் ஓலை எழுதி, முத்திரை வைத்து நீட்டினார்.

"இது பன்னிக்கு உத்தரவு. பன்னி எங்க இருக்கோ அங்க இதுவும் இருக்கணும். உங்க ஜமீன் போய்ச் சேர்ற வரைக்கும் பத்திரம். இதையும் தொலைச்சீங்க, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

மூவரும் ஓலையை மாறி மாறிக் கையில் வைத்துப் பார்த்தார்கள்.

"மடியில வச்சா விழுந்துரும்" என்றான் மாயழகு.

"தலைப்பாகையில வச்சா காத்துல போயிரும்" என்றான் ஒச்சப்பன்.

சோலையாண்டி அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டான். ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்து முடிக்க வேண்டும். "மொதல் ஓலைய இந்நேரம் வரைக்கும் தொலைச்சோமா?" என்று கேட்டான். இருவரும் யோசித்து, இல்லை என்று தலையாட்டினார்கள். அவன் கூடையிலிருந்து பெரிய கிழங்காக ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிளந்து, புது ஓலையை மடித்து நடுவில் வைத்து, கூண்டு மூங்கில்களுக்கு இடையில் நீட்டினான். பன்றி இரண்டு மெல்லு மெல்லி விழுங்கியது.

"இனிமே ஐயா கவலையே படவேண்டாம்" என்று சங்கிலியைப் பார்த்துக் கும்பிட்டான். "ரெண்டு ஓலையும் ஒரே எடத்துல பத்திரமா இருக்கு."

எழுத்தாணி கையிலிருந்து நழுவ, சங்கிலி இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.

"பாத்தியா மாப்ள, இந்தத் தடவை நாம சொல்லாமலே மூடிக்கிட்டாரு. சட்டம் தெரிஞ்ச மனுசன்" என்று சிலாகித்தான் ஒச்சப்பன். சோலையாண்டி துப்பாக்கியை எடுத்து ஊரே பார்க்கும்படித் தோளில் போட்டுக்கொண்டான். மூவரும் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டினார்கள்.